முடிஞ்சதெல்லாம் எடுத்துடுங்க

மனித குலத்தில், ஒரு விஷயத்தை ஒரே தடவை கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆற்றல் பெற்றவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் நான் முதல் ஆள். இரண்டாவது ஆள் யாரென்று இதுவரை தகவல் இல்லை.

இதைத் தற்பெருமை என்று நினைக்கக் கூடாது. சிலருக்கு உயரம், சிலருக்குக் குரல், எனக்கு இது. எள் என்றால் எண்ணெயாக நிற்பவன் என்று கெட்டிக்காரர்களைச் சொல்வார்கள். நான் ‘எ’ என்றாலே எண்ணெயாக நின்றுவிடுவேன். அம்மா எலுமிச்சம்பழம் கேட்க வாயைத் திறந்த அன்றைக்கும் எண்ணெயாகத்தான் போய் நின்றேன் என்பது உண்மை. வேகமாக ஓடுகிறவனுக்குத்தான் கால் இடறும். உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன இடறப் போகிறது?

எங்கள் வீட்டில் இதற்கு நேர் எதிராக ஒருத்தி இருந்தாள். என் அக்கா. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஐ.டி. அனலிஸ்ட். அது என்ன வேலை என்று யாராவது கேட்டால், “ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு என்ன வேணும்னு புரோகிராம் எழுதுறவங்களுக்குப் புரியாது. புரோகிராம் எழுதுறவங்க பேசுறது ஆபீஸ்ல யாருக்கும் புரியாது. நடுவுல நான்” என்பாள். என்னைக் கேட்டால் வேறு விளக்கம் கொடுப்பேன்: சம்பளம் வாங்குகிற எதிரொலி.

யார் எதைச் சொன்னாலும் அதை அவர்களிடமே திருப்பிச் சொல்வது அவள் வழக்கம். ஒரு நாள் அப்பா, “கூடத்து ஃபேன் சரியில்ல” என்றார். வேறு வீடாக இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருப்பார்கள்.

“சரியில்லன்னா? சுத்தலையாப்பா?”

“சுத்துது.”

“சத்தம் போடுதா?”

“அதெல்லாம் இல்லம்மா.”

“அப்போ நீங்க சொல்றது, ஃபேன் சுத்துது, ஆனா காத்து வரலைன்னு. சரியா?”

“காத்து வருது. நான் உக்கார்ற இடத்துக்கு வரல.”

கடைசியில் நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் பிழைப்பு போனது. இதைப் பெரிய சாதனையாக அம்மா பக்கத்து வீட்டிலெல்லாம் சொன்னாள்.

நான் சும்மா இருக்கவில்லை. கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் ‘தீப்பிடித்த வீட்டில் ஓர் அனலிஸ்ட்’ என்று ஒரு துணுக்கு எழுதினேன். வீட்டுக்காரர் “ஐயோ, வீடு எரியுது!” என்று அலறுகிறார். அனலிஸ்ட் நிதானமாக, “அப்போ நீங்க சொல்றது, வீடு எரியுதுன்னு. சரியா? எப்ப இருந்து எரியுது? வழக்கமா எரியாதா?” என்கிறார். மாணவர்கள் நின்று படித்துச் சிரித்தார்கள். அதை அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள். பிறகு, “அந்த வீட்டுல யாராவது உள்ள மாட்டிக்கிட்டாங்களான்னு அவன் கேக்கவே இல்லையேடா” என்றாள். நகைச்சுவையைத் திருத்த வருகிறவர்களை என்ன செய்ய முடியும்?

படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்வந்தேன். இரண்டு நிறுவனங்களுமே என்னைத் தவறவிட்டன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் ஆளை எடை போடத் தெரிந்துவிடுமா? ஆனால் அப்பா அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டார்.

“இன்னொரு இன்டர்வியூ இருக்குன்னு சொன்னே இல்ல? அது அமைஞ்சா சரி. இல்லேன்னா ஒண்ணாம் தேதியில இருந்து சித்தப்பா கடைக்குப் போற. பேசிட்டேன்.”

சித்தப்பா குளியலறைச் சாமான்கள் கடை வைத்திருக்கிறார். குழாய், வாஷ்பேசின், இன்ன பிற. இந்த ‘இன்ன பிற’வில்தான் வியாபாரமே நடக்கிறது. அவருக்கு என் மேல் அளவுகடந்த நம்பிக்கை. “உனக்கு வாய் இருக்குடா. வாய் இருக்கிறவன்தான் இதையெல்லாம் விக்க முடியும்” என்று போனில் சொன்னார். தொழிலில் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் பேசி நானே பரிசு வாங்கியவன். ஆனால் என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வேலையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள், நாளைக்கு வீடும் கட்டுவார்கள். அவர்கள் கடைக்கு வருவார்கள். மாடல் மாடலாக உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் பக்கத்தில் நின்று, “வசதியா இருக்கா சார்?” என்று கேட்க வேண்டும்.

ஆகவே இந்த மூன்றாவது வேலை எனக்குக் கிடைத்தே தீர வேண்டும். வேலையும் அனலிஸ்ட் வேலைதான். அக்காவுக்கு அதில் ஒரு சந்தோஷம். தேர்வுக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“உக்காருடா. நான் ரெண்டு கேள்வி கேக்கறேன். பழகிக்கலாம்.”

“வேண்டாம்க்கா. நீ கேள்வி கேட்டே வளர்ந்தவ. பதில் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது.”

“ஒண்ணே ஒண்ணு. ஒருத்தர் வந்து ‘சிஸ்டம் ஸ்லோ’ங்கறார். என்ன பண்ணுவே?”

“ரீஸ்டார்ட்.”

“எந்த சிஸ்டம்னு கேக்க மாட்டே?”

“எந்த சிஸ்டமா இருந்தா என்ன? எல்லாத்துக்கும் அதே பட்டன்தான்.”

“அவருக்கு மட்டும் ஸ்லோவா, எல்லாருக்குமா? எதைத் திறந்தா ஸ்லோ? முதல்ல கேக்கணும்டா. கேட்டதை ஒரு தடவை திருப்பிச் சொல்லணும். அப்பதான் அவர் மனசுல இருக்கிறதும் நம்ம மனசுல இருக்கிறதும் ஒண்ணான்னு தெரியும்.”

நான் முதுகை நிமிர்த்தி, தலையைச் சற்றுச் சாய்த்து, அவள் குரலிலேயே சொன்னேன்: “அப்போ நீ சொல்றது, நான் கேக்கணும், கேட்டதைத் திருப்பிச் சொல்லணும்னு. சரியா?”

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்கா எழுந்துவிட்டாள்.

“போடா. போய் குழாய் வித்துக்கிட்டு இரு.”

மறுநாள் காலை கிளம்பினேன். அது வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் போன்றவற்றை விற்று, அவை கெட்டுப்போனால் பழுதும் பார்த்துக் கொடுக்கும் நிறுவனம். வாசலில் காவலர் என் பெயரை எழுதிக்கொண்டு, ‘விசிட்டர்’ என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். அந்த அட்டை எப்படித் திருப்பினாலும் எழுத்தில்லாத பக்கத்தைத்தான் உலகுக்குக் காட்டியது.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் முதலில் எதிர்பார்க்க வேண்டியது கேள்வியை அல்ல, சோபாவை. வரவேற்பறைச் சோபாக்கள் எல்லா நிறுவனங்களிலும் ஒரே மாதிரி இருக்கின்றன. உட்கார்ந்தால் முழங்கால் மூக்குக்கு வருகிறது. பெயரைக் கூப்பிட்டதும் கம்பீரமாக எழ வேண்டும் என்று நினைத்திருப்போம். கரையேறும் ஆமை மாதிரித்தான் எழ முடியும். தேர்வு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

எனக்கு முன்பே ஒருவர் அதில் புதைந்திருந்தார். கழுத்தை இறுக்கி டை கட்டியிருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, மனப்பாடம்.

“எத்தனாவது இன்டர்வியூ பாஸ்?” என்று டை என்னைக் கேட்டார்.

“மூணு.”

“எனக்கு ஏழு. அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்கன்னு கேப்பாங்க. உஷாரு. ‘இங்கேயே இருப்பேன்’னு சொல்லக் கூடாது, முன்னேற ஆசையே இல்லைன்னு நினைப்பாங்க. ‘வேற இடத்துல இருப்பேன்’னும் சொல்லக் கூடாது, ஓடிப்போற ஆளுன்னு நினைப்பாங்க.”

“பின்ன என்ன சொல்றது?”

“அதுதான் ஆறு தடவையா தெரியல.”

அவரைக் கூப்பிட்டார்கள். சோபாவிலிருந்து எழ நான்தான் கை கொடுத்தேன்.

என் முறை வந்தபோது முதலில் மனிதவளத் துறைப் பெண். கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை. வெளியே போகிறவர்கள் எல்லோரும் மீன் தொட்டியைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

சொன்னேன். பள்ளி, கல்லூரி, மதிப்பெண், பேச்சுப் போட்டி.

“இதெல்லாம் பேப்பர்லயே இருக்கு. இதுல இல்லாதது ஏதாவது?”

“எதையும் ஒரே தடவை சொன்னாப் போதும் மேடம், புரிஞ்சுக்குவேன். ரெண்டாவது தடவை சொல்ற வேலையே இருக்காது.”

“ம். உங்க பலவீனம்னு எதைச் சொல்வீங்க?”

“அதேதான் மேடம். மத்தவங்க ரெண்டு தடவை கேட்டா எனக்குப் பொறுமை போயிடும்.”

அவர் எதையோ எழுதிக்கொண்டார். நம்மைப் பற்றி ஒருவர் எழுதிக்கொண்டால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்பது என் கொள்கை. ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பேன் என்று கேட்கவே இல்லை. டை பாவம்.

அடுத்தது தொழில்நுட்பச் சுற்று. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு அம்மையார் இருந்தார். டெக்னிக்கல் மேடம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைப் பலகையைக் காட்டினார். முதல் பேனா எழுதவில்லை. இரண்டாவதும் எழுதவில்லை. எழுதாத இரண்டையும் கவனமாகப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு மூன்றாவதைக் கொடுத்தார். பெரிய நிறுவனங்களில் இதுதான் முறை.

“ரெண்டு டேபிள் இருக்கு. ஒண்ணுல வாடிக்கையாளர் பட்டியல், இன்னொண்ணுல அவங்க கொடுத்த ஆர்டர். இதுவரைக்கும் ஒரு ஆர்டர்கூட கொடுக்காதவங்களை மட்டும் எப்படி எடுப்பீங்க?”

இது எனக்குத் தண்ணி பட்ட பாடு. இரண்டு கட்டம் போட்டு, இடதுபக்கக் கட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு, வலதுபக்கத்தில் ஜோடி இல்லாதவர்களைப் பிரித்துக் காட்டினேன். மேலும் மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னேன். ஒன்றில் அவர் கேட்க வந்ததே வேறு என்றார். அதற்கும் பதில் சொன்னேன்.

“நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க” என்றார். “இனிமே கேள்வி இல்ல, வேலை. எங்க சர்வீஸ் மேனேஜர் வருவார். அவருக்கு ஒரு ரிப்போர்ட் வேணும். நிஜமாவே வேணும். முக்கால் மணி நேரம் தர்றேன், நீங்க செய்யுங்க, நான் ஓரமா உக்காந்திருக்கேன்.”

சர்வீஸ் மேனேஜர் என்பவர் கதவைத் திறக்கும்போதே போனில் பேசிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. லேப்டாப்பை என் முன்னால் தள்ளினார். திரையில் போன வருடத்துப் புகார்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக இருந்தன. வாடிக்கையாளர், வட்டாரம், என்ன கோளாறு, முடிந்ததா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

“தம்பி, சிம்பிள். நாளைக்குத் தலைமை ஆபீஸ்ல இருந்து பெரியவர் வர்றார். அவர்கிட்ட காட்டணும். இதுல முடிஞ்சதெல்லாம் எடுத்துடுங்க. ஏரியா வாரியா பிரிச்சுடுங்க. திரும்பத் திரும்ப வர்றதை மேல போட்டுடுங்க. அவ்வளவுதான். ஹலோ... சொல்லுப்பா...”

கடைசி இரண்டு சொல் போனுக்கு. அவர் வெளியே போய்விட்டார்.

“அவர்கிட்ட ஏதாவது கேக்கணுமா? கூப்பிடட்டுமா?” என்றார் டெக்னிக்கல் மேடம்.

“ஒண்ணும் இல்ல மேடம். தெளிவாத்தானே சொன்னார்.”

முடிந்த புகார்களை எல்லாம் தேர்ந்தெடுத்தேன். நீக்கினேன். பாக்கி இருந்தவற்றை வட்டார வாரியாகப் பிரித்தேன். ஒரே மாடலுக்கு அடிக்கடி வந்தவற்றை மேலே ஏற்றினேன். தலைப்புக்கு நீலம் பூசினேன். சேமித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொடுத்த நேரத்தில் பாதிகூட ஆகியிருக்கவில்லை. டெக்னிக்கல் மேடம் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சர்வீஸ் மேனேஜர் திரும்பி வந்து நின்றபடியே குனிந்து பார்த்தார்.

“முடிஞ்சது எங்க தம்பி?”

“எடுத்துட்டேன் சார்.”

“ஆ, எடுத்துட்டீங்களா. வெரி குட். எங்க?”

“எடுத்துட்டேன் சார்.”

“அதான் எங்கன்னு கேக்கறேன்.”

“எங்கயும் இல்ல சார். எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டீங்கன்னா காட்டுங்களேன்.”

“எடுத்ததை எப்படி சார் காட்ட முடியும்?”

“எடுத்ததைத்தானே தம்பி காட்ட முடியும்? எடுக்காததையா காட்டுவாங்க?”

அவர் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த போன்கூட நின்றுவிட்டது.

“ஐயையோ,” என்று நாற்காலியில் உட்கார்ந்தார். “டெலீட் பண்ணிட்டீங்களா?”

“நீங்கதானே சார் எடுக்கச் சொன்னீங்க.”

“எடுத்து வைக்கச் சொன்னேன் தம்பி! பெரியவர்கிட்ட முடிச்சதைக் காட்டாம, முடிக்காததையா போய்க் காட்டுவேன்? என்னை வீட்டுக்கு அனுப்புறதுக்கு நானே ஏரியா வாரியா பிரிச்சு, நீலக் கலர் அடிச்சுக் கொடுக்கணுமா?”

இந்த இடத்தில் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யானைக்கு மட்டும் எத்தனையோ பெயர் வைத்திருக்கிற மொழி. எடுத்து வைப்பதற்கும் எடுத்து எறிவதற்கும் தனித்தனியாகச் சொல் இல்லாமலா போகும்? இருக்கிறது. ஆனால் அவசரத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. ‘எடுத்துடு’ என்று விட்டுவிடுகிறார்கள். மீதியைக் கேட்கிறவன் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் போட்டது என் மீதி.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. டெக்னிக்கல் மேடம் பக்கம் திரும்பினேன்.

“சூப்பரான கேள்வி மேடம். வேணும்னேதானே அப்படிச் சொல்ல வச்சீங்க?”

“இதுல தந்திரம் ஒண்ணும் இல்ல,” என்றார் அவர். “அவர் எப்பவுமே இப்படித்தான் பேசுவார். உங்களுக்கு முன்னாடி வந்தவர்கிட்டயும் இதையேதான் சொன்னார்.”

“அவர் என்ன பண்ணார்?”

“அவர் ‘முடிஞ்சதெல்லாம்’ங்கறதை, தன்னால முடிஞ்ச மட்டும்னு புரிஞ்சுக்கிட்டு, பத்தே பத்து புகாரை எடுத்துக் கொடுத்தார். விடுங்க. ஃபைலை மாத்துறதுக்கு முன்னாடி காப்பி எடுத்து வச்சீங்களா?”

“இல்ல மேடம்.”

“நாங்க வச்சிருக்கோம். நீங்க வச்சிருக்க மாட்டீங்கன்னுதான்.” தலைமேல் இருந்த கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். “அரை மணிக்கு முன்னாடி நானும் ‘எப்படி எடுப்பீங்க’ன்னுதானே கேட்டேன்? அப்ப சரியாத்தானே புரிஞ்சுது?”

“அப்ப நீங்க போன்ல பேசலையே மேடம்.”

சர்வீஸ் மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டெக்னிக்கல் மேடத்துக்கு வரவில்லை. பழைய கோப்பைத் திறந்து மறுபடி என் முன்னால் வைத்தார்.

“இன்னும் நேரம் இருக்கு. பண்றீங்களா, போதுமா?”

கண் முன்னால் ஒரு வாஷ்பேசின் வந்து நின்றது. அதன் பின்னால் வரிசையாக இன்ன பிற. “பண்றேன் மேடம்” என்றேன். விசைப்பலகையில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்தேன். திரையைப் பார்த்தால் எல்லாமே தெளிவாக இருந்தது. முன்பும் இப்படித்தான் தெளிவாக இருந்தது.

சர்வீஸ் மேனேஜர் மறுபடி எழப் போனார்.

“சார், ஒரு நிமிஷம்.”

“என்ன தம்பி?”

“திரும்பத் திரும்ப வர்றதுன்னு சொன்னீங்களே. ஒரே மாடல் திரும்ப வர்றதா, ஒரே வீட்டுல இருந்து வர்றதா?”

“ஒரே வீடு. ஒரே கோளாறு. போய்ச் சரி பண்ணிட்டு வருவானுங்க, ஒரு வாரத்துல அந்தம்மா மறுபடி போன் பண்ணும்.”

“போன் பண்ணா அது புதுப் புகாரா விழுமா?”

“ஆமா. புது நம்பர்.”

“அப்போ பழசு?”

“அது முடிஞ்சதுதானே. அது முடிஞ்சதுல இருக்கும்.”

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இருவரும் திரையைப் பார்த்தோம். ஒரு வீட்டு ஃப்ரிட்ஜைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்தினேன். அதே கோளாறு நான்கு முறை வந்திருந்தது. நான்கு முறையும் முடிந்துவிட்டது என்று இருந்தது. ஐந்தாவதாக ஒன்று பாக்கியில் நின்றது.

“இதை முடிஞ்சதுல சேர்க்கிறதா சார்? பெரியவர் இந்த வீட்டு நம்பரைப் பார்த்துட்டா?”

“பார்ப்பார்யா. அவர் அதைத்தான் முதல்ல பார்ப்பார்.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அப்படி வந்ததெல்லாம் முடிஞ்சதுல இருந்து எடுத்துடுங்க.”

நான் அவரைப் பார்த்தேன். டெக்னிக்கல் மேடம் என்னைப் பார்த்தார்.

“எடுத்துடுங்கன்னா சார்?”

“அதான் தம்பி, எடுத்து... சே!” தலையில் தட்டிக்கொண்டார். “தனியா வைங்க. அழிக்காதீங்க. தனியா ஒரு பக்கத்துல வைங்க. கேட்டா நானே சொல்லிடறேன், இது இன்னும் முடியலேன்னு. அவரா கண்டுபிடிக்கிறதுக்கு நானே சொல்லிடறது மேல்.”

“மேல போட்டுடுங்கன்னு சொன்னது...?”

“இந்தத் தனிப் பக்கம்தான் மேல வரணும்.”

நேரம் முடிந்தபோது வேலை முழுதாக முடிந்திருக்கவில்லை. கடைசி இரண்டு வட்டாரங்கள் பாக்கி. நீலம் பூச நேரமில்லை. இதைச் சொன்னேன். “கலர் இல்லாட்டி உயிர் போகாது” என்று சர்வீஸ் மேனேஜர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூப்பிடுவது மாதிரி கதவருகில் ஒரு கணம் நின்றார். பிறகு போன் அடித்தது, போய்விட்டார். டெக்னிக்கல் மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். என் கொள்கை அப்போது கொஞ்சம் ஆட்டம் கண்டது.

“சொல்லி அனுப்பறோம்” என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா, “எப்படிப் போச்சு?” என்றாள்.

“போச்சு.”

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். “போச்சுன்னா? நல்லாப் போச்சா, இல்ல ‘போச்சே’வா?”

“உனக்கு வேற வேலையே இல்லையாக்கா?”

“கேட்டது தப்பா? சரி, என்னதான் கேட்டாங்க?”

“தமிழ்ல கேட்டாங்க,” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த நாட்களில் சித்தப்பா இரண்டு முறை போன் செய்தார். கடைப் பையன்களுக்கெல்லாம் புதுச் சட்டை தைக்கக் கொடுக்கிறாராம், கடை பெயர் முதுகில் வருமாம், என் அளவு என்ன என்று கேட்டார். ‘மீடியம்’ என்று அப்பாவே சொல்லிவிட்டார். நான் மீடியம் இல்லை. ஆனால் திருத்தும் மனநிலையிலும் இல்லை.

பிறகு ஒரு சாயங்காலம் என் போன் அடித்தது. மனிதவளத் துறைப் பெண். வீட்டில் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்தார். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அக்கா மடித்த துணிகளை ஆள்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வணக்கம். உங்க இன்டர்வியூ பத்திதான். திங்கக்கிழமை காலையில வந்துடுங்க.”

“தேங்க்ஸ் மேடம்!” என்றேன்.

“என்னடா, கிடைச்சுடுச்சா?” என்றாள் அம்மா. அப்பா எழுந்தே விட்டார். சித்தப்பாவுக்குச் சொல்லத் தன் போனைத் தேட ஆரம்பித்தார். “சட்டை வேண்டாம்னு சொல்லிடறேன், தைக்கக் கொடுத்துடப் போறான்” என்றார்.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் அவர் வைக்கப் போகிற மாதிரி ஒரு சின்ன மௌனம். நான் கையை உயர்த்தி அப்பாவை நிறுத்தினேன். எழுந்து, கூடத்துக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன்.

“மேடம், ஒரு நிமிஷம்,” என்றேன், குரலைத் தாழ்த்தி. “திங்கக்கிழமை வரணும்னு சொன்னீங்களே. வேலையில சேரவா, இல்ல இன்னொரு ரவுண்டுக்கா?”

“சேரத்தாங்க. சாரி, நான் அதைச் சொல்லலையா? சர்டிஃபிகேட் எல்லாம் ஒரிஜினல் எடுத்துட்டு வாங்க. மூணு மாசம் பார்த்துட்டுத்தான் நிரந்தரம் பண்ணுவோம். சர்வீஸ் மேனேஜர் பக்கத்துலதான் உங்களுக்கு சீட்.”

எனக்குப் பின்னால் துணி அடுக்கும் சத்தம் நின்றிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் மெதுவாகச் சொன்னேன்.

“அப்போ நீங்க சொல்றது, திங்கக்கிழமை வேலையில சேரணும், ஒரிஜினல் கையில இருக்கணும், மூணு மாசம் பார்த்துட்டு நிரந்தரம்னு. சரியா?”

“கரெக்ட்.”

“காலையிலன்னா, எத்தனை மணிக்கு மேடம்?”